காலைச் சூடு இருபத்தைந்து நிமிஷம்

நவம்பர் 11, செவ்வாய்

மூடுபனி. எதிர் வரிசை வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. தூறலும்.

வண்டிக்குக் காலைச் சூடு: 25 நிமிஷம்.
ஓட்டம்: எஸ்டேட் – ஏற்காடு – எஸ்டேட், இரண்டு நடை.
காத்திருப்பு: பேங்க் வாசலில் 40 நிமிஷம், இன்ஜின் ஓட்டத்திலேயே. மேனேஜர் சார் வந்து உட்காரும்போது உள்ளே கதகதப்பாக இருக்க வேண்டும்.

நாகலூர் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது கியரில் உதறல். இரண்டுக்கு வந்தேன், அதிலும் முனகல்தான். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. பஸ்காரன் ஹார்ன் மேல் ஹார்ன். ஒதுங்கி வழிவிட்டேன். தாண்டும்போது தலையை நீட்டி, "ஏனுங்க, எறங்கித் தள்ளி உடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரிப்பு.

மே. சார் பின் சீட்டிலிருந்து: "என்ன லூர்து, வயசானது வண்டிக்கா, உனக்கா?"

"செல்வம் ஓட்டின ஓட்டுங்க சார். இப்பத்தான் வேலை காட்டுது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதில் தப்பும் இல்லை. செல்வம் இரண்டு வருஷம் என்னோடு இதே வண்டியை ஓட்டினவன். உள்ளூர் ஓட்டம் எனக்கு, சேலம் ஓட்டம் அவனுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவையும் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரிதான் ஏறுவான். இன்ஜின் அலறும். வண்டியை நாசம் பண்ணுகிறான் என்று மே. சாரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை, ஜூனில், அவனை நிறுத்திவிட்டார். அவன் மனைவி வசந்தா இங்கே காப்பிப் பழம் பறிக்கிறாள் என்பதால் குவார்ட்டர்ஸை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்.

வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்குப் பல்வலி. கிராம்பு வாங்க மறந்தேன். திட்டு.

நவம்பர் 12, புதன்

மழை விட்டு விட்டு. காலைச் சூடு: 30 நிமிஷம். குளிர் அதிகம், அதனால்.

மீட்டர் பக்கத்தில் ஆரஞ்சு லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. அணைத்துப் போட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணியும் போகவில்லை.

நான் இந்த இன்ஜினை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பது கடவுளுக்குத் தெரியும். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்ட விட்டதில்லை. பழைய ஜீப் காலத்திலிருந்தே இந்த மலையில் எஸ்டேட் டிரைவர்கள் பழக்கம் ஒன்றுதான்: எழுந்ததும் ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு, டீ குடித்து, ஷேவ் பண்ணி, சட்டை போட்டு, பிறகுதான் கியரில் கை வைப்பது. பனிக்குள் இன்ஜின் உறுமுகிற இடம்தான் டிரைவர் வீடு. மற்றவர்கள் விட்டாலும் நான் விட்டதில்லை. தினமும் டைரியில் குறித்தும் வைக்கிறேன். சர்ச்சில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி வேறு எதற்கு?

நாகலூர் கடைப் பக்கம் செல்வம் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அண்ணா, புகை நொம்ப கருப்பா வருதுங்களே. ஒருக்கா அடிவாரம் வரைக்கும் எறங்கி, நல்லா விரட்டி ஏத்திப் பாருங்க."

"உன் வேலையைப் பாரு."

முகம் சுருங்கவே இல்லை அவனுக்கு. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து பஸ்ஸுக்கு டிரைவர் கேட்கிறார்களாம், நேரில் பார்க்கப் போகிறான். "கெடச்சா கோரிமேட்டுல ஒரு ரூம் புடிச்சுக்குவோமுங்கண்ணா. தெனமும் சாயங்காலம் ஊட்டுல இருக்கலாம்." அவன் முன்பு நாமக்கல் லாரியில் வடக்கே ஓடினவன். மகள் யாழினி பிறந்தபோது எங்கேயோ ராஜஸ்தானில். எழுபது நாள் கழித்துத்தான் குழந்தை முகம் பார்த்தானாம். அதற்கப்புறம்தான் லாரியே வேண்டாம் என்று மலைக்கு வந்தான்.

கிராம்பு வாங்கினேன்.

நவம்பர் 13, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது, போய்விட்டது.

வண்டி இருபது கி.மீ. வேகத்துக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. மே. சார் சேலத்தில் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். இறக்கம்தான், எப்படியோ இறங்கினேன். மெக்கானிக் பஷீர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். "உட்டுட்டுப் போங்க, நாளைக்குக் கழட்டிப் பாத்துடலாம்."

பஸ்ஸில் திரும்பினேன். நின்றுகொண்டே. முழங்கால் விண் விண்.

ஸ்டெல்லா: "ஏனுங்க, வண்டி போச்சுன்னா உங்களையும் போகச் சொல்லீருவாங்களா?" ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது எங்களுக்கு.

நவம்பர் 14, வெள்ளி

காலைச் சூடு: இல்லை. வண்டியே இல்லை.

முதல் பஸ்ஸில் சேலம். பஷீர் பேச்சு குறைவான ஆள், வேலை தெரிந்தவர். இன்ஜினுக்குக் காற்று போகிற மேனிஃபோல்டைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டிய ஓட்டை. என் சுண்டுவிரல் போகவில்லை. சுற்றிலும் கருப்பு. மேலே பிசுபிசுப்பு, உள்ளே கெட்டிக் கரி. வருஷக்கணக்கில் தேய்க்காத தோசைக்கல் விளிம்பு மாதிரி.

"என்னங்க இது?"

"புகைதானுங்க. இந்த வண்டியோட புகை."

ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டே சொன்னார். எனக்கு விளங்கினவரை:

– ஈ.ஜி.ஆர். என்று ஒரு வால்வு. சைலன்ஸருக்குப் போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி, நல்ல காற்றோடு கலந்து, இன்ஜினுக்கே கொடுக்கும். உள்ளே எரிகிற சூடு தணியும். ஊர்க் காற்றுக்குக் கெடுதல் குறையும். அதற்காக வைத்தது.
– பாரம் இழுத்து நன்றாக ஓடும்போது வால்வு மூடிக்கொள்ளும். ஊரும்போதும் நின்று ஓடும்போதும் திறந்து கிடக்கும்.
– சூடேறாத இன்ஜின் புகையில் கரி அதிகம். ஆயில் ஆவியோடு சேர்ந்து ஒட்டும். ஒட்டினதன் மேல் ஒட்டும். கடைசியில் மூச்சுக்குழாயே அடைபடும்.

"வண்டிய ஓட்டறது யாருங்க?"

"நான்தான்."

"சேலத்துக்கு அடிக்கடி எறங்குமுங்களா?"

"முன்னால வாரம் ரெண்டு தடவை. வேற டிரைவர் ஒருத்தர் இருந்தார். வேகமா ஓட்டுவார்."

பஷீர் நிமிர்ந்தார். "அவரு விரட்டி ஏத்துனதுலதானுங்க இத்தனை நாள் தாங்குச்சு. எங்க அவரு?"

"நின்னுட்டார்."

"காலைல ஸ்டார்ட் பண்ணி எத்தனை நேரம் உடுவீங்க?"

"அஞ்சு நிமிஷம்."

அவர் கரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. பேச்சை மாற்றத்தான் கேட்டேன், அந்த வால்வையே தகடு வைத்து அடைத்துவிட்டால் என்ன என்று.

"பண்றவங்க இருக்காங்க. நான் பண்றதில்லீங்க. லைட்டு எரியும், புகை டெஸ்டுல நிக்காது. நின்னுக்கிட்டு ஓட்டறத உடுங்க. வாரத்துல ஒருக்கா மலையேத்தத்துல நல்லா மிதிங்க. அது போதும்."

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

நவம்பர் 15, சனி

தூறல். கழுவிப் பூட்டி வண்டி தயார். பஷீர் தட்டு நிறையக் கரியை எடுத்துக் காட்டினார். வேண்டாம், போட்டுடுங்க என்றேன்.

வேலைச் சீட்டில் 'பழுதுக்குக் காரணம்' என்று ஒரு வரி. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னன்னு எழுதட்டுமுங்க?"

"டீசல் சரியில்லைன்னு எழுதிக்கங்க."

"டீசலுங்களா?"

"மலையில பேரல்ல வெச்சு ஊத்தறது. தண்ணி இருக்கும், தூசி இருக்கும்."

"உங்க வண்டி. சொல்றத எழுதறனுங்க."

எழுதினார். டீசலுக்கு வாய் கிடையாது, யாருக்கும் நோகாது. இப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக இவ்வளவுதான் நினைத்தேன்.

மே. சார் வாசலில் நின்றே சீட்டைப் படித்தார். இரண்டு தடவை.

"டீசலா? ஸ்டோர் பேரல் சாவி செல்வத்துகிட்டதானே இருந்துச்சு?"

நான் பேசவில்லை.

"நல்ல டீசலை வித்துட்டு எதையாவது கலந்து வெச்சிருப்பான். அவன் முழியே சரியில்லைன்னு அப்பவே நினைச்சேன். நீ மூணு தடவை சொன்னே, நான்தான் லேசா எடுத்துக்கிட்டேன்."

ஜூனில் நின்றவன் கலந்த டீசல் நவம்பரில் எப்படி இன்ஜினுக்கு வரும்? அந்தப் பேரல் ஜூலையிலேயே தீர்ந்தது. இவ்வளவு பெரிய எஸ்டேட்டை நிர்வாகம் பண்ணுகிறவருக்கு இது தோன்றவில்லை. தோன்ற வைக்க வேண்டியவன் நான். "வண்டிச் சாவியைக் கொண்டுபோய் மாட்டிடட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

மத்தியானம் டைரியைப் பின்னால் புரட்டினேன். என் கையெழுத்துதான்.

பிப்ரவரியில்: "செ. நேற்று சேலம் போய் வந்தான். வண்டி இன்று லேசு."
மார்ச்சில்: "செ. சேலம். மறுநாள் இழுவை நன்று." இதே மாதிரி நாலு இடத்தில்.
ஏப்ரலில்: "செல்வம் எனக்குப் புத்தி சொல்கிறான். 'அண்ணா, காலைல நின்னுக்கிட்டே ஓட்ட வேண்டாமுங்க, இந்த இன்ஜினுக்கு ஆகாது.' எனக்கா! முப்பத்தொரு வருஷ சர்வீஸ்காரனுக்கா!"
ஜூனில்: "மே. சாரிடம் மூன்றாம் தடவை சொன்னேன். செ. நிறுத்தம். இனி வண்டிக்கு நிம்மதி."
ஜூலையில்: "இழுவை மந்தம்."
ஆகஸ்டில்: "மந்தம். எல்லாம் செ. பண்ணின சேதம்."

எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் காலைச் சூடு 25, காலைச் சூடு 25. பெருமையாக அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "அப்படி என்னதான் எழுதி வெச்சிருக்கறீங்க?" மூடி வைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

காலைச் சூடு: 2 நிமிஷம். கை சும்மா இருக்கவில்லை. துணியை எடுத்துத் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நன்றாக ஓடுகிறது. அதுவே கஷ்டமாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

கடும் பனி. பகலிலேயே லைட் போட்டு ஓட்டம்.

ஏற்காடு போகும் வழியில் மே. சார்: "செல்வத்தைப் பத்தி அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து போன் பண்ணாங்க. ஆளு பிடிச்சிருக்காம். பழைய இடத்துல இருந்து ஒரு கடிதம் வேணுமாம், நடத்தை எப்படின்னு. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன சார் எழுதப் போறீங்க?"

"உள்ளதைத்தான் எழுதணும். குழந்தைங்க போற வண்டி."

ஸ்டியரிங் வழுக்கியது. உள்ளங்கை வேர்வை, இந்தக் குளிரில்.

திங்கள் வரை நேரம் இருக்கிறது. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 20, வியாழன்

சொல்லவில்லை. மே. சாரோடு சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகள். அவர்கள் முன்னால் எப்படி? (உண்மை: ஏரிக்கரையில் அவர் பத்து நிமிஷம் தனியாகத்தான் நின்றிருந்தார்.)

வசந்தா பழச் சாக்கோடு எதிரே வந்தாள். நின்று, "அண்ணா, அவருக்கு அந்த வேலை கெடச்சுரும் போலிருக்குதுங்க. யாழினிய அங்கயே ஒண்ணாப்புல சேத்துக்கலாம்னு சொன்னாங்களாம்" என்றாள். சிரித்தேன். நல்லது கண்ணு என்றேன். என் வாயை என்ன செய்தால் தகும்?

வாங்க வேண்டியது: வைப்பர் ரப்பர், ஸ்டெல்லாவுக்குப் பல் மாத்திரை, முழங்கால் தைலம்.

நவம்பர் 22, சனி

மழை கொட்டு கொட்டென்று. காலைச் சூடு: 2 நிமிஷம்.

மே. சார் வெளியே வரவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து எழுத்து வேலை. பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். இன்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். போன் பேசிக்கொண்டே நாலு கவரை நீட்டி, வெளியே கையைக் காட்டினார். டவுனுக்குப் போய்க் கூரியர் போட்டேன். மூக்குக் கண்ணாடி வீட்டில், விலாசம்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தால் அவர் தூக்கம்.

மாத்திரை வாங்கினேன். தைலம் இல்லை. ரப்பர் கிடைக்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம் கேட்க ஃபாதர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர், இரண்டு பேர், ஒருவர். விலகி வெளியே வந்து வண்டியைத் துடைத்தேன்.

பயம்தான். வேலை போகிற பயம் பாதி. மீதி, லூர்து கெட்டிக்கார டிரைவர் என்று மலை முழுக்கப் பேர் இருக்கிறதே, அது போகிற பயம். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஒருவன் குடும்பத்தோடு சோறு தின்கிற வழி அங்கே நிற்க, எனக்கு என் பேர்.

நாளை சேலம் ஓட்டம். மே. சாரும் நானும் மட்டும். நாளை கட்டாயம்.

நவம்பர் 24, திங்கள்

காலைச் சூடு: இல்லை. நேராகக் கிளப்பினேன்.

சேலத்தில் மூன்று வேலை, எல்லாம் சீக்கிரம் முடிந்தது. திரும்பும்போது அடிவாரம் தாண்டியதும் மிதித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை அப்படி மிதிக்கிறேன். முள் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு. இன்ஜின் அலறியது. ஆனால் வலியில் அலறின சத்தமாக எனக்குப் படவில்லை. வண்டி சும்மா ஏறுகிறது. முதல் வளைவு, இரண்டு, மூன்று.

மே. சார் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார். "என்ன லூர்து, செல்வம் மாதிரி ஓட்டறே?"

ஏழாம் வளைவு வரை என் வாய் திறக்கவில்லை. எட்டாம் வளைவில் சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் சொல்ல முடிந்தது.

"அவன் ஓட்டினதுதான் சார் சரி. இன்ஜின்ல கரி அடைச்சது நான் காலைல நின்னுக்கிட்டே ஓட்டினதாலதான். டீசல்ல ஒண்ணுமில்லைங்க. பஷீர்கிட்ட அப்படி எழுதச் சொன்னது நான். செல்வம் எதையும் தொடல சார். மூணு தடவை உங்ககிட்ட சொன்னதும் தெரியாம சொன்னது."

குரங்கு ஒன்று குறுக்கே போனது, பிரேக் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வந்து சொல்றியே."

"கடிதம் எழுதறதுக்கு முன்னால சொல்லிடணும்னுதாங்க சார். இன்னிக்குத்தானே திங்கக்கிழமை."

"அது சனிக்கிழமையே போயிடுச்சே. மழையில சும்மா உட்கார்ந்திருந்தேன், எழுதிட்டேன். நீதானே கூரியர்ல போட்டே?"

நாலு கவர். என் கையால்.

"வேற ஒண்ணு மாத்தி எழுதிக் குடுங்க சார்."

"என்னன்னு எழுதறது? என் டிரைவர் பொய் சொன்னான், நான் விசாரிக்காம ஒருத்தனைத் திருடன்னு எழுதிட்டேன்னா? நாளைக்கு என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?" குரல் ஏறிவிட்டது. வீட்டு வாசல் வரை திட்டிக்கொண்டே வந்தார். இறங்கினபிறகும் திட்டினார். சமையல்காரம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "உன்னை வேலையை விட்டு எடுக்கப் போறதில்லை. வேற ஆளுக்கு இப்ப எங்க போறது? இதோட விடு" என்றார்.

வேலை போகவில்லை. அதற்குச் சந்தோஷப்படுகிறேனா என்று பார்த்தேன். கொஞ்சம் பட்டேன். அதுதான் அருவருப்பு.

நவம்பர் 25, செவ்வாய்

பனி. காலைச் சூடு: இல்லை.

பள்ளிக்கூடத்து நம்பரை மே. சார் மேஜை நோட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று போன் பண்ணினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"செல்வம்னு ஒரு டிரைவர். அந்தக் கடிதத்துல இருக்கறது தப்புங்க."

"நீங்க யாருங்க?"

"அதே எஸ்டேட்ல டிரைவருங்க."

"மேனேஜர் எழுதுனதுதானுங்க எங்களுக்கு. வேற ஆள் போட்டாச்சு. அவருக்கும் காலைலயே சொல்லீட்டோம்."

வைத்துவிட்டாள். மேட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். சட்டை நனைந்துபோயிற்று.

சாயங்காலம் ஸ்டெல்லா கேள்விப்பட்டு வந்தாள். செல்வம் பழைய லாரி முதலாளியிடமே திரும்பப் போகிறானாம். வசந்தாவும் குழந்தையும் நாமக்கல்லில் அவள் அண்ணன் வீட்டில் இருப்பார்களாம். நாளை மத்தியானம் கிளம்புகிறார்கள்.

"கடுதாசில என்னமோ தப்பா எழுதிப் போட்டாங்களாமுங்க. எவன் வேலையோ" என்றாள்.

என் வேலை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். சோறு போட்டாள்.

நவம்பர் 26, புதன்

மழை இல்லை. மேகம் கீழே இறங்கி லைன் வீட்டுக் கூரை மேல் கிடந்தது.

ஓட்டம்: ஏற்காடு ஒரு நடை, மே. சாரைக் கிளப்பில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் செல்வம் வீடு.

வாசலில் பொட்டலங்கள். பாய்ச் சுருட்டு, இரண்டு அண்டா, சைக்கிள் டயர் ஒன்று, அட்டைப்பெட்டியில் பாத்திரம். செல்வம் உள்ளே கயிறு கட்டிக்கொண்டிருந்தான். யாழினி புதுச் செருப்போடு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

வசந்தா என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வாங்கண்ணா. சமையல்காரக்கா சொன்னாங்க, நீங்க அவருக்காக மேனேஜர்கிட்டச் சண்டை போட்டீங்கன்னு. இத்தன பேர் இருக்கற எஸ்டேட்ல நீங்க ஒருத்தராச்சும் பேசுனீங்களே." உள்ளே திரும்பி, "ஏனுங்க, லூர்தண்ணன் வந்திருக்காருங்க. கண்ணு, மாமாவுக்குச் சேர் எடுத்துப் போடு சாமி."

குழந்தை பிளாஸ்டிக் சேரை இழுத்துக்கொண்டு வந்தது. நான் உட்காரவில்லை.

செல்வம் கயிறோடு வெளியே வந்தான். "அண்ணா, உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? மேனேஜரு உங்களையும் நிறுத்தீட்டா என்னங்க பண்ணுவீங்க?"

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். மூன்று தடவை போய்ச் சொன்னது. காலைச் சூடு. மேனிஃபோல்டில் என் சுண்டுவிரல் போகாதது. பஷீர் கேட்டது. டீசல் என்று எழுதச் சொன்னது. பேரல் சாவி என்று மே. சார் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு நின்றது. நாலு கவர். ஒன்றையும் விடவில்லை, முன்னே பின்னே மாற்றவும் இல்லை.

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

செல்வம் கத்துவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவன் என் முகத்தையே பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்கிற மாதிரி நின்றான். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தாண்டி ரோட்டுக்கு நடந்தான். எங்கே போகிறான் என்று திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்காமல் இறங்கியிருக்கிறேன். பழக்கம்.

ஜன்னல் வழியாகக் கையை விட்டு அணைத்தான். சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தான். அண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

செல்வம் வீட்டு வாசலில் நின்று ஓடியது: 8 நிமிஷம்.